அடி வாங்குகிறவரைப் பாருங்கள்: ரெஸ்லிங் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ரெஸ்லிங் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வயசுக்காரர்கள். ஒருவர், தொண்ணூறுகளில் பெட்டிக்கடையில் ட்ரம்ப் கார்டு வாங்கி, அண்டர்டேக்கரின் உயரத்தையும் யோகோசூனாவின் எடையையும் மனப்பாடம் செய்தவர். அந்த அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனிக்கு 2002 மே மாதமே டபிள்யூ டபிள்யூ இ என்று பெயர் மாறிவிட்டாலும், அவருக்கு இன்றும் அது 'டபிள்யூ டபிள்யூ எஃப்'தான். இன்னொருவர், போனில் வரும் முப்பது விநாடி வீடியோவில் ஒருத்தர் இன்னொருத்தரை மேஜையோடு சேர்த்து உடைப்பதைப் பார்த்துவிட்டு, 'இதை முழுசா எங்கே பார்க்கிறது, எதிலிருந்து ஆரம்பிக்கிறது' என்று கேட்கும் இளவட்டம்.

முன்னவர் புதிய ஆட்டத்தைப் போட்டதும் 'சும்மா குதிச்சுக்கிட்டே இருக்கானுங்க' என்று அணைத்துவிடுகிறார். பின்னவர் பழைய ஆட்டத்தை 'ரொம்ப மெதுவா இருக்கு' என்று தள்ளிவிடுகிறார். இரண்டு பேருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கண்ணை எங்கே வைப்பது. அடிக்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தால் பத்து ஆட்டத்தில் சலித்துவிடும். அடி வாங்குகிறவரைப் பார்க்கப் பழகிவிட்டால் 1987 ஆட்டமும் 2022 ஆட்டமும் ஒரே கலையாகத் தெரியும். அந்தப் பழக்கத்தை எப்படி வரவழைத்துக்கொள்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

'எல்லாம் பொய்தானே?'

வீட்டில் யாராவது இதைக் கேட்பார்கள். பதிலைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். யார் ஜெயிப்பது, எப்படி முடிப்பது என்பது முன்பே முடிவானது. விழுவது முடிவு செய்து விழுவதுதான், ஆனால் உடம்பு விழத்தான் செய்கிறது.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அர்ச்சுனன் தபசு அன்று பாசுபதம் கிடைத்துவிடும் என்பது கூட்டத்தில் இருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் வேஷக்காரர் ஏறுகிற தபசு மரம் நிஜம், அதன் உயரம் நிஜம், கால் வழுக்கினால் விழுவதும் நிஜம். முடிவு தெரிந்த கதையைப் பார்க்க ஊரே விடிய விடிய உட்காருகிறது. ரெஸ்லிங்கையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

கால் வழுக்கியதற்கு உதாரணம் வேண்டுமென்றால், 1997 ஆகஸ்ட் 3 அன்று நடந்த சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கி 'பைல்டிரைவர்' போட்டார். ஆஸ்டினின் தலை கொஞ்சம் கீழே இறங்கி இருந்துவிட்டது. கழுத்தில் அடிபட்டுச் சிறிது நேரம் கை கால் அசைக்க முடியாமல் கிடந்தார். அப்படியே ஊர்ந்து போய், திட்டமிட்டபடி எதிராளியைச் சுருட்டி அழுத்தும் 'ரோல் அப்' ஒன்றைப் போட்டு ஜெயித்தார். அந்தக் கழுத்து அவரை விடவில்லை. 2003 ரெஸில்மேனியாவோடு (கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சி) முழுநேர ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள வேண்டி வந்தது. அதன்பின் டபிள்யூ டபிள்யூ இ-யில் அந்த அடியை அண்டர்டேக்கர், கேன் போன்ற ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் போடுவது ஏறக்குறைய நின்றுபோனது.

ரிங்கும் விதியும்

டபிள்யூ டபிள்யூ இ ரிங் பக்கத்துக்கு 20 அடி. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றுக்கும் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். மெத்தை மாதிரி இருக்கும் என்பது தப்பான நினைப்பு. அடியில் வெற்றிடம் இருப்பதால் விழும்போது 'தொம்' என்று பெரிய சத்தம் வருகிறது. பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான். ரிங் ஓரத்தில் கயிற்றுக்கு வெளியே இருக்கும் விளிம்புக்கு 'ஏப்ரன்' என்று பெயர். அங்கே பலகை வளையாது. அதனால்தான் ஏப்ரன்மேல் போடப்படும் அடிக்குக் கமென்டேட்டர்கள் தனியாகக் கத்துகிறார்கள்.

விதி நிறைய இல்லை. இரண்டு தோளும் தரையில் பட, ரெஃப்ரி மூன்று எண்ணினால் 'பின்'. வலி தாங்காமல் கையால் தட்டினால் 'டேப் அவுட்'. பிடியில் மாட்டியவர் கயிற்றைத் தொட்டுவிட்டால் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் ரெஃப்ரி ஐந்துவரை எண்ணி டிஸ்குவாலிஃபை செய்வார். ரிங்குக்கு வெளியே பத்து எண்ணுவதற்குள் திரும்பி வர வேண்டும்.

புதியவர்களைக் குழப்புவது இதற்கு அடுத்த விதிதான். சாதாரண ஆட்டத்தில் சாம்பியன் டிஸ்குவாலிஃபை ஆனாலும், வெளியே எண்ணப்பட்டுத் தோற்றாலும், பெல்ட் கைமாறாது. கெட்டவனாக இருக்கும் சாம்பியன் தோற்கப்போகிற நேரத்தில் நாற்காலியைத் தூக்குவதும், பெல்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடையைக் கட்டுவதும் இதனால்தான். இது தெரியாதவருக்கு ஏதோ பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். தெரிந்தவருக்கு வயிற்றெரிச்சல் வரும். வர வேண்டியதும் அதுதான்.

ரெஃப்ரியையும் கவனியுங்கள். இரு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறி போல் வைத்தால் நிஜமாகவே அடிபட்டிருக்கிறது என்று மருத்துவர்களுக்குச் சொல்கிறார். அதைப் பார்த்தபின் ஆட்டம் சட்டென்று முடிந்தால் குறை சொல்லாதீர்கள்.

முதல் படி: ஒரே ஆட்டம், மூன்று தடவை

1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13, பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். சுமார் 22 நிமிஷம். ஒருவர் 'விட்டுவிடுகிறேன்' என்று ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்கிற சப்மிஷன் ஆட்டம். ரெஃப்ரி, கென் ஷாம்ராக்.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். பிரெட் நல்லவராக, ஆஸ்டின் கெட்டவராக உள்ளே வருகிறார்கள். கூட்டத்துக்குள் புகுந்து அடித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

இரண்டாம் தடவை, எந்த நேரத்தில் யார் அடி வாங்குகிறாரோ அவரை மட்டும் பாருங்கள். பிரெட், ஆஸ்டினின் முழங்காலையே குறிவைக்கிறார். ஆஸ்டின் அடுத்து எழும்போது அந்தக் காலில் பாரம் போடாமல் எழுகிறார். தான் ஓங்கி அடிக்கும்போதுகூட அந்தக் கால் நொண்டுகிறது. இதற்குத்தான் 'செல்லிங்' என்று பெயர். வாங்கிய அடிக்கு விலை வைப்பது அடி வாங்கியவர்தான். அவர் மறந்துவிட்டால் அடித்தவர் பத்து நிமிஷம் பட்ட பாடு வீண்.

கடைசியில், குப்புறக் கிடப்பவரின் காலைப் பின்னி முதுகின்மேல் உட்காரும் 'ஷார்ப்ஷூட்டர்' பிடி. ஆஸ்டினின் நெற்றியிலிருந்து ரத்தம் வடிந்து பல் இடுக்கில் இறங்குகிறது. இரண்டு கையையும் ஊன்றி உடம்பை மேலே தூக்குகிறார். ஒரு நொடி பிடி உடையப்போகிறது. பிரெட் மறுபடி அழுத்தி உட்காருகிறார். ஆஸ்டின் தட்டவே இல்லை, மயங்கிப்போகிறார். ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார்.

மூன்றாம் தடவை கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். மணி அடித்த பிறகும் பிரெட் அடிப்பதை நிறுத்தாதபோது, முதலில் அவருக்குக் கை தட்டிய கூட்டம் கூச்சலிடுகிறது. யார் உதவியும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு நொண்டிக்கொண்டே போகும் ஆஸ்டினின் பெயரை அதே கூட்டம் சொல்கிறது. உள்ளே வரும்போது நல்லவராக இருந்தவர் கெட்டவராகவும், கெட்டவர் நல்லவராகவும் ஒரே ஆட்டத்தில் மாறிவிட்டார்கள். வசனம் ஒன்றும் இல்லாமல், அடி வாங்கும் விதத்தால் மட்டுமே நடந்தது இது. இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

ஆட்டத்தின் உருவம்

பெரும்பாலான ஆட்டங்கள் நான்கு கட்டமாகப் போகும். முதலில் நல்லவர் கை ஓங்கும். பிறகு கெட்டவர் ஏதாவது குறுக்கு வழியில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் போட்டு வாட்டுவார். மூன்றாவதாக நல்லவர் எழுந்து திருப்பி அடிப்பார். கடைசியில் இழுபறியும் முடிவும். நல்லவருக்கு 'ஃபேஸ்', கெட்டவருக்கு 'ஹீல்'. ரசிகர்கள் எல்லோரும் இந்தச் சொற்களைத்தான் சொல்வார்கள்.

இரண்டாம் கட்டத்தில்தான் புதியவர்கள் வீடியோவை ஓட்டித் தள்ளிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. கெட்டவர் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் மூன்று வேலை நடக்கிறது. இருவரும் மூச்சு வாங்குகிறார்கள். அடுத்து என்ன செய்வது என்று காதோடு பேசிக்கொள்கிறார்கள் (தலைமுடி முகத்தை மறைத்திருப்பதைக் கவனியுங்கள்). கூட்டம் கை தட்டி நல்லவரை எழுப்பத் தொடங்குகிறது. அதைத் தாண்டிவிட்டுப் பார்த்தால் மூன்றாம் கட்டம் வெறும் சத்தமாகத்தான் இருக்கும்.

இருவர் இருவராகச் சேர்ந்து, கை தொட்டு ஆள் மாறி ஆடும் டேக் டீம் ஆட்டத்தில் இந்த உருவம் இன்னும் தெளிவு. ஒருவர் எதிரிகளின் மூலையில் மாட்டிக்கொண்டு அடி வாங்குவார். கூட்டாளி வெளியே கை நீட்டிக்கொண்டு நிற்பார். கை படப்போகும் நேரத்தில் காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். இரண்டு மூன்று முறை இப்படி ஏமாற்றிய பிறகு கை படும்போது கூரை பிய்ந்துபோகும். அதற்கு 'ஹாட் டேக்' என்று பெயர். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க டேக் டீம்தான் நல்லது, அவர்களுக்கு உடனே பிடிபடும்.

இரண்டாம் படி: இந்த வரிசையில் பாருங்கள்

முதல் மாதத்துக்கு வாரம் இரண்டு ஆட்டம் போதும். ஒரே நாளில் ஐந்து பார்த்தால் எதுவும் மனசில் நிற்காது.

ஆஸ்டினுக்குப் பிறகு பின்னால் போங்கள்: 1987 மார்ச் 29, ரெஸில்மேனியா 3, ரேண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும். அன்று எல்லோரும் பார்க்க வந்தது ஹல்க் ஹோகன், ராட்சத உருவம் கொண்ட ஆண்ட்ரேயைத் தூக்குவதை. அது ஒரு பெரிய காட்சிதான், ஆட்டமாகப் பார்த்தால் மெதுவானது. சாவேஜும் ஸ்டீம்போட்டும் பதினைந்து நிமிஷத்துக்குள் இடைவிடாமல் 'பின்' முயற்சிகளை அடுக்கினார்கள். சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் எழுதிவைத்துத் திட்டமிடுகிறவர், அந்த உழைப்பு தெரியும். ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: சில மாதம் முன்பு ரிங் மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையை சாவேஜ் நசுக்கியதாகக் கதை. அதே மணியை அவர் மறுபடி தூக்கும்போது இது தெரியாதவர்களுக்கு ஒன்றும் தோன்றாது.

அடுத்து 1994, ரெஸில்மேனியா 10-ல் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் தம்பி ஓவனிடம் அண்ணன் பிரெட் தோற்கிறார். அன்றிரவே பிரெட், யோகோசூனாவை வென்று சாம்பியன் ஆகிறார். எல்லோரும் அவரைத் தோளில் தூக்கும்போது ஓவன் தள்ளி நின்று பார்க்கிறார். அந்த முகத்தை விட்டுவிடாதீர்கள். அதே இரவில் ரேசர் ரமோன், ஷான் மைக்கேல்ஸ் ஏணி ஆட்டமும் உண்டு. இன்றைய ஏணி ஆட்டங்கள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான்.

2002, ரெஸில்மேனியா 18: ராக்கும் ஹோகனும். ஹோகன் கெட்டவராகத்தான் வந்தார், ஆனால் டொரொன்டோ கூட்டம் அவருக்கே கத்தியது. இரண்டு பேரும் ஆடிக்கொண்டே போக்கை மாற்றிக்கொண்டார்கள். சாகசம் என்று பெரிதாக எதுவும் இல்லை. முறைத்துப் பார்ப்பதற்கே அரங்கம் அதிர்கிறது. இளவட்டங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஆட்டம் இது.

2009, ரெஸில்மேனியா 25: அண்டர்டேக்கர், ஷான் மைக்கேல்ஸ். சுமார் அரை மணி நேரம். இதில் அண்டர்டேக்கர் மேல் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்ந்து, பிடிக்க வேண்டியவர் சரியாகப் பிடிக்காததால் ஏறக்குறைய தலையில் விழுகிறார். அதற்குப் பிறகும் ஆடி முடிக்கிறார். அண்டர்டேக்கரின் பைல்டிரைவரான 'டூம்ஸ்டோன்' அடிக்குப் பிறகு ஷான் தோளைத் தூக்கும்போது அண்டர்டேக்கரின் கண் விரிவதை நிறுத்திப் பாருங்கள்.

2011, மணி இன் த பேங்க், சிகாகோ: ஜான் சீனா, சிஎம் பங்க். பங்க்கின் சொந்த ஊர்க் கூட்டம் ஓர் ஆட்டத்தை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் என்பதற்கு இது. 2015 ஆகஸ்ட், என்எக்ஸ்டி (டபிள்யூ டபிள்யூ இ-யின் இளையவர் பிரிவு), புரூக்ளின்: பெய்லி, சாஷா பேங்க்ஸ். பெய்லியின் அடிபட்ட கையை சாஷா மிதித்துத் திருகும் இடங்களைப் பார்த்தால், பெண்கள் ஆட்டம் இடைவேளைக்கு என்று நினைப்பவர்கள் நினைப்பை மாற்றிக்கொள்வார்கள். 2022 செப்டம்பர் 3, கார்டிஃப்: குந்தர், ஷேமஸ். இருபது நிமிஷம், பெரும்பாலும் உள்ளங்கையால் நெஞ்சில் அறைவதுதான். அந்த அறைகள் நிஜமானவை. ஆட்டம் முடியும்போது ஷேமஸின் வெளுத்த மார்பு சிவந்து கன்றிப்போயிருக்கும். பழசுக்காரர்களைப் புதுசின் பக்கம் கொண்டுவர இதைவிட நல்ல ஆட்டம் இல்லை.

எதில் தொடங்கக் கூடாது என்றால், 1998-ல் அண்டர்டேக்கர் மேன்கைண்டை 16 அடிக் கூண்டின் மேலிருந்து எறிந்த ஆட்டம். எல்லோரும் முதலில் அனுப்புவது அந்த வீடியோவைத்தான். அதைப் பார்த்துத் தொடங்கியவருக்கு அடுத்த ஐம்பது ஆட்டமும் சப்பென்று இருக்கும். நம்ம ஊர்க்காரர் என்பதற்காக 2007-ல் கிரேட் காளி சாம்பியனாக இருந்த ஆட்டங்களிலும் தொடங்க வேண்டாம். காளியின் உருவம் மறக்க முடியாதது, ஆனால் செல்லிங் கற்க அது இடமில்லை.

பழசா, புதுசா?

1998 முதல் 2001 வரை பொற்காலம் என்பார்கள். பேச்சிலும் பாத்திரங்களிலும் அது உண்மை. மைக்கைப் பிடித்துப் பேசுவதற்கு 'ப்ரோமோ' என்று பெயர். ஆஸ்டின், ராக், மேன்கைண்ட் பேசிய அளவுக்கு இன்று பேசுகிறவர்கள் குறைவு. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் வாடை இன்று பல பேச்சில் அடிக்கிறது. ஆனால் அந்தக் காலத்து வாராந்திர 'ரா' ஒன்றை முழுசாகப் போட்டுப் பாருங்கள். பாதி ஆட்டங்கள் நாலைந்து நிமிஷத்தில், யாரோ உள்ளே ஓடிவந்து கலைத்து முடிகின்றன. பெண்களை அவர்கள் நடத்திய விதத்தை இன்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆட்டத் தரத்தில் இன்றைய சாதாரண வாரம் அன்றைய சாதாரண வாரத்தைவிட மேல். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

புதுசின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆட்டத்தை முடிக்கும் ஓர் அடி உண்டு, 'ஃபினிஷர்' என்பார்கள். முன்பெல்லாம் அதை வாங்கியவர் எழுந்தால் அது செய்தி. இன்று வாராந்திர ஆட்டத்திலேயே மூன்று ஃபினிஷர் வாங்கி எழுகிறார்கள். பத்து நிமிஷம் முழங்காலில் அடி வாங்கியவர் அடுத்த நிமிஷமே மேல் கயிற்றில் ஏறிப் பல்டி அடிக்கிறார். அப்படி ஓர் ஆட்டம் பார்த்தால், எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும், அது மட்டமான ஆட்டம்தான்.

கதையைச் சொல்லும் பொறுமையில் இன்றைக்கும் உச்சம் உண்டு. ரோமன் ரெய்ன்ஸ் 2020 ஆகஸ்டில் பெல்ட்டை வாங்கி, 2024 ஏப்ரலில் கோடி ரோட்ஸிடம் இழக்கும்வரை 1,316 நாள். அதற்குள் ஒரு குடும்பம் உடைகிறது. முழுவதையும் பார்க்க வேண்டாம். 2020 அக்டோபர் ஹெல் இன் எ செல்லில் ரோமன், அவர் உறவுக்காரர் ஜே ஊசோ ஆட்டம். 2023 ஜனவரி ராயல் ரம்பிளின் கடைசி இருபது நிமிஷம், அதாவது ரோமனின் கூட்டத்தில் சேர்ந்திருந்த சாமி ஜேன் நாற்காலியைக் கையில் வாங்கும் இடம். பிறகு 2024 ரெஸில்மேனியா 40-ன் இரண்டாம் இரவு. இந்த மூன்றும் போதும்.

மூன்றாம் படி: நம் ஊரிலிருந்து வாராவாரம் தொடர்வது

2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் டபிள்யூ டபிள்யூ இ நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. மாதம் 149 ரூபாய் மொபைல் திட்டம் போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், டிவிக்கு அனுப்ப முடியாது. வாங்கிவிட்டு வீட்டு டிவியில் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. டிவியில் பார்க்க அடுத்த திட்டத்துக்குப் போக வேண்டும். பழைய தனி ஆட்டங்களுக்குக் காசே வேண்டாம். யூடியூபில் டபிள்யூ டபிள்யூ இ-யின் சொந்தச் சேனலிலும், 'டபிள்யூ டபிள்யூ இ வால்ட்' என்ற சேனலிலும் முழு ஆட்டங்கள் இருக்கின்றன. தலைப்பில் 'ஃபுல் மேட்ச்' என்று இருப்பதை மட்டும் எடுங்கள். வெட்டி ஒட்டியதில் செல்லிங் இருக்காது.

ரா அமெரிக்காவில் திங்கள் இரவு. நமக்குச் செவ்வாய் காலை. ஸ்மாக்டவுன் சனி காலை. பொதுவாக மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 5:30-க்கும், மற்ற மாதங்களில் 6:30-க்கும் தொடங்கும். அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பதால் வரும் வித்தியாசம் இது. பெரிய நிகழ்ச்சிகள் ஞாயிறு விடிகாலையில், சில சமயம் 3:30-க்கே தொடங்கிவிடும். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு ரா கச்சிதமாக அமையும். முதல் ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் மாலையில் ரீப்ளே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை யூடியூபையும் இன்ஸ்டாகிராமையும் திறக்காதீர்கள். முடிவைப் படமாகவே முகப்பில் போட்டுவிடுவார்கள்.

டேட்டா கணக்கு: தரத்தைக் குறைத்து வைத்தால் மணிக்குச் சுமார் 300 எம்பி, ஹெச்டியில் 3 ஜிபி வரை போகும். தினம் ஒன்றரை ஜிபி பேக் வைத்திருப்பவர் செட்டிங்கில் டேட்டா அளவைக் குறைக்காமல் உட்கார்ந்தால் பாதி ஆட்டத்தில் நின்றுவிடும். மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊராக இருந்தால் நேரலையை விட்டுவிட்டு ரீப்ளேயே பாருங்கள். மூன்று எண்ணும் நேரத்தில் சக்கரம் சுற்றினால் எல்லாம் போச்சு.

ரா முழுவதையும் பார்க்க முயலாதீர்கள். இரண்டரை, மூன்று மணி நேர நிகழ்ச்சியைப் புதியவர் யாரும் தாங்க மாட்டார்கள். தொடக்கப் பேச்சு, கடைசி ஆட்டம், நீங்கள் தேர்ந்தெடுத்த ஒருவரின் பகுதி, இவ்வளவு போதும். ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் தொடர்வதுதான் நல்ல வழி. அவரோடு மோதுகிறவர்கள் வழியாக மற்றவர்கள் தானாக அறிமுகமாவார்கள்.

நேரலையில் முதலில் பார்க்க ராயல் ரம்பிள்தான் சரி. முப்பது பேர், ஒருவர்பின் ஒருவராகக் குறிப்பிட்ட இடைவெளியில் வருவார்கள். மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்து இரண்டு காலும் தரையில் பட்டால் அவுட். கதை எதுவும் தெரியாமலேயே பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் முப்பது முகம் பழகிவிடும். நண்பர்கள் சேர்ந்தால் ஒன்று முதல் முப்பது வரை சீட்டு எழுதிக் குலுக்கிப்போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். யாருடைய நம்பர் ஜெயிக்கிறதோ அவருக்கு மற்றவர்கள் டிபன் வாங்கித் தர வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

2008-க்குப் பிந்தைய டபிள்யூ டபிள்யூ இ பிள்ளைகளோடு பார்க்கும் அளவுக்குத்தான் இருக்கும். அதற்கு முந்தையதை நீங்கள் முதலில் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

பார்த்த கையோடு மொட்டை மாடியிலோ கட்டிலிலோ தம்பியைத் தூக்கிப் போட்டுப் பார்ப்பார்கள். 'செய்யாதே' என்றால் கேட்க மாட்டார்கள், காரணத்தைச் சொல்லுங்கள். விழுவதற்கு 'பம்ப்' என்று பெயர், அதைப் பழகவே மாதக்கணக்கு ஆகும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். கைகளை விரித்துத் தரையில் அறைந்து வேகத்தைச் சிதறடிக்க வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். தாடையை ஒட்டி வைக்க மறந்தால் பின்மண்டை அடிபடும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். கீழே வளைந்து கொடுக்கும் பலகை இருந்தும் பயிற்சி பெற்றவர்களுக்கே கழுத்து போகிறது. சிமென்ட் தளம் வளைந்தே கொடுக்காது. தலைகீழாகத் தூக்கும் எந்த அடியையும் விளையாட்டுக்குக்கூட விடாதீர்கள்.

நான்காம் படி: டபிள்யூ டபிள்யூ இ-க்கு வெளியே

ஆறு மாதம் ஆன பிறகு ஜப்பான் பக்கம் போகலாம். நியூ ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங், ஆன்டோனியோ இனோகி 1972-ல் தொடங்கியது. வெளியே எண்ணுவது பத்துக்குப் பதில் இருபது, கூட்டம் அமைதியாக உட்கார்ந்து பார்க்கும், பேச்சு குறைவு. பெரிய நாள், ஜனவரி 4, டோக்கியோ டோம்.

அங்கே கசுசிகா ஒக்காடா, கென்னி ஒமேகா மோதிய மூன்று பெல்ட் ஆட்டங்களை வரிசை மாறாமல் பாருங்கள். 2017 ஜனவரி 4, சுமார் 46 நிமிஷம்: ஒமேகாவால் தன் ஃபினிஷரான 'ஒன் விங்ட் ஏஞ்ச'லை ஒருமுறைகூடப் போட முடியவில்லை. 2017 ஜூன் 11, ஒரு மணி நேரம் ஆடி டிரா: போட்டுவிடுகிறார், ஒக்காடாவின் கால் கயிற்றைத் தொட்டுவிடுகிறது. 2018 ஜூன் 9, மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய ஆட்டம்: அந்த அடியால்தான் முடிகிறது. ஆளுக்கு மூன்று ஃபினிஷர் வீணாகும் காலத்தில் ஒரே ஓர் அடிக்கு இவ்வளவு விலை வைத்தார்கள். நேரமில்லை என்று நடு ஆட்டத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள். கயிற்றைத் தொட்ட அந்தக் காலைப் பார்க்காதவருக்கு மூன்றாவது ஆட்டத்தின் முடிவு இன்னொரு அடியாகத்தான் தெரியும்.